பனிக்கட்டிக் கிடங்கு, மாளிகை, நினைவில்லம்: சென்னை ‘ஐஸ் ஹவுஸ்’ கட்டடமும் பாதுகாப்பின் எல்லைகளும்

ஆய்வுச் சுருக்கம்

சென்னை மெரினா கடற்கரைச் சாலையில் இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம் 1842இல் பனிக்கட்டிக் கிடங்காக எழுந்தது. பின்னர் அது ‘கேசில் கெர்னன்’ என்ற பெயரில் விக்டோரியா காலத்து மாளிகையாக மாற்றப்பட்டது. மடமாகவும், கைம்பெண்கள் இல்லமாகவும், மாணவியர் விடுதியாகவும் இருந்து, இறுதியில் நினைவில்லமாயிற்று. ஒரே கட்டடம் ஒன்றுக்கொன்று முரண்பட்ட பயன்களுக்கு உட்பட்டதை அதன் அமைப்பின் வழியே விளக்கி, அதைப் பாதுகாக்கும் முறை எந்தக் காலத்தைப் பாதுகாக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை இக்கட்டுரை மதிப்பிடுகிறது. பெறப்படும் முடிவுகள் திண்டுக்கல், வடமதுரை போன்ற உள்நாட்டு ஊர்களின் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்களுக்குப் பொருத்திக் காணப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: ஐஸ் ஹவுஸ், கேசில் கெர்னன், காலதர், பாரம்பரியக் கட்டடம், கைம்பெண்கள் இல்லம், திண்டுக்கல்

முன்னுரை

தமிழகத்தின் காலனிக் காலக் கட்டடங்கள் குறித்த எழுத்துகள் பெரும்பாலும் இருவகைப்பட்டவை. ஒருவகை, கட்டியவர் பெயரையும் பாணியையும் சொல்லி நிற்பது. ராபர்ட் சிஸோமின் செனட் மண்டபம், ஹென்றி இர்வினின் உயர்நீதிமன்றம் என்ற வரிசையில் இந்தோ-சாரசனிய பாணியே பேசுபொருளாகிறது. மற்றொரு வகை, கட்டடத்தில் தங்கிய பெருமக்களின் பெயரால் அதை நினைவுகூர்வது. இவ்விருவகையிலும் கட்டடத்தின் உடல் பேசப்படுவதில்லை. சுவர் ஏன் அந்தத் தடிப்பில் எழுப்பப்பட்டது, திறப்பு எங்கே வைக்கப்பட்டது, எதை உள்ளே வைக்கவும் எதை வெளியே நிறுத்தவும் அது அமைந்தது என்ற வினாக்கள் விடுபடுகின்றன.

மெரினாவின் ஐஸ் ஹவுஸ் இக்குறையை உணர்த்தத்தக்க சான்று. அது அரண்மனையாகவோ அரசு அலுவலகமாகவோ பிறக்கவில்லை. சரக்கு வைக்கும் கிடங்காகப் பிறந்தது. அதை மாளிகையாக்கியவர் ஆங்கிலேயர் அல்லர். சென்னை உயர்நீதிமன்ற வழக்கறிஞரான தமிழ்நாட்டவர். ஆகவே ‘ஆங்கிலேயர் கட்டிய மாளிகை’ என்ற எளிய வகைப்பாட்டுக்குள் அது அடங்காது.

1. காற்றை விலக்கிய கட்டடம்

பாஸ்டன் நகர வணிகர் பிரெடெரிக் டியூடர் நியூ இங்கிலாந்தின் ஏரிகளில் குளிர்காலத்தில் உறையும் பனிக்கட்டியை அறுத்தெடுத்துக் கப்பலேற்றி வெப்ப நாடுகளில் விற்றவர். 1833இல் ‘டஸ்கனி’ என்னும் கப்பல் ஏறத்தாழ 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாதப் பயணத்துக்குப் பின் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் எஞ்சியிருந்தது. இவ்வெற்றியைத் தொடர்ந்து கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று மாகாணத் தலைநகரங்களிலும் பனிக்கட்டிக் கிடங்குகள் எழுந்தன. அமெரிக்க எழுத்தாளர் தோரோ தம் ‘வால்டன்’ நூலில் தம் குளத்து நீரைப் பருகுவோரின் ஊர்களுள் ஒன்றாகச் சென்னையையும் குறிப்பிட்டது இவ்வணிகத்தின் வீச்சுக்குச் சான்று.

இவ்வணிகத்தில் பொருளின் விலையைத் தீர்மானித்தது பனிக்கட்டி அன்று. அது உருகாமல் இருக்கும் காலமே. அக்காலத்தை நீட்டிக்கும் கருவியாகவே கிடங்கு கட்டப்பட்டது. வெப்பம் உள்ளே புகாமலிருக்கச் சுவர் தடித்திருக்க வேண்டும்; வெளிக்காற்று உள்ளே உலவாமலிருக்கத் திறப்புகள் அருகியிருக்க வேண்டும்; உருகிய நீர் தேங்காமல் வடிய வேண்டும். ஒரே கொள்ளளவுக்கு வட்ட வடிவச் சுவர், சதுரச் சுவரைவிடக் குறைந்த பரப்பையே வெயிலுக்குக் காட்டும். கட்டடத்தின் முகப்பில் இன்றும் காணப்படும் வளைந்த வடிவத்தை வெறும் அழகாகக் கொள்ளாமல் இக்கணக்கோடு சேர்த்து எண்ணிப் பார்க்க இடமுண்டு. அடுக்கடுக்காக ஒடுங்கிச் சென்று முகட்டில் கூம்பு போன்ற அணியுடன் முடியும் அதன் மேற்பகுதி, கடலிலிருந்து வருவோர் கண்ணில் முதலில் படும் அடையாளமாகவும் இருந்திருக்கும்.

தமிழ் மரபில் சாளரத்துக்கு வழங்கும் பழஞ்சொற்களுள் ஒன்று ‘காலதர்’. சிலப்பதிகாரத்தில் பயிலும் இச்சொல், கால் என்னும் காற்றும் அதர் என்னும் வழியும் சேர்ந்தது. பார்க்கும் வழி என்றோ ஒளி வரும் வழி என்றோ கொள்ளாமல், காற்று வரும் வழி என்றே சாளரம் பெயர் பெற்றுள்ளது. வெப்ப நிலத்து மனையின் முதற்தேவை எதுவென்பதை இச்சொல்லே உரைக்கிறது. அத்தேவையை முற்றாக மறுத்து எழுந்த கட்டடம் ஐஸ் ஹவுஸ். காலதர் இல்லாமையே அதன் இலக்கணம். மக்கள் வாழ்வதற்கு எது குறையோ அதுவே பனிக்கட்டி வாழ்வதற்கு நிறைவாயிற்று.

கட்டடத்தின் இருப்பிடமும் அதன் தொழிலோடு பிணைந்தது. அக்காலத்தில் சென்னைக்குச் செயற்கைத் துறைமுகம் இல்லை. கப்பல்கள் கரைக்கு அப்பால் நங்கூரமிட, சரக்குகள் மசூலா படகுகளில் அலையைக் கடந்து கரை சேர்ந்தன. கரையிறங்கிய பனிக்கட்டி நெடுந்தொலைவு செல்லாமல் உடனே கிடங்கை அடையவேண்டியிருந்ததால் அது கடலோரத்தில் அமைந்தது. 1875இல் துறைமுகப் பணி தொடங்கிய பின், அதன் தடுப்புச் சுவர்களால் தென்புறத்தில் மணல் சேர்ந்து கடற்கரை அகன்றது. ஆளுநர் கிராண்ட் டஃப் காலத்தில், 1880களில், மெரினா உலாச்சாலை அமைந்தது. இடம்பெயராமலே இக்கட்டடம் கடலிலிருந்து விலகிப் போயிற்று. இன்று அதன் முன் நிற்பவருக்குச் சாலையும் அகன்ற மணற்பரப்பும் கடந்த பின்னரே கடல் தெரியும். படகிலிருந்து கிடங்குக்கு என்ற உறவு கண்ணுக்குப் புலப்படாமல் போனமை, கட்டடத்தின் பொருளையே மறைத்துவிட்டது.

2. காலதர் பெற்ற மாளிகை

1870களில் நீராவி இயந்திரத்தின் உதவியால் இந்தியாவிலேயே பனிக்கட்டி செய்யப்படலாயிற்று. நான்கு மாதக் கடற்பயணம் தேவையற்றதானதும் கிடங்கும் தேவையற்றதாயிற்று. அதை வாங்கிய வழக்கறிஞர் பிலிகிரி ஐயங்கார், தம் நண்பரான நீதிபதி கெர்னன் பெயரால் ‘கேசில் கெர்னன்’ எனப் பெயர் சூட்டி வசிப்பிடமாக மாற்றினார். வட்ட வடிவ நடைகளும் பல சாளரங்களும் அப்போது சேர்க்கப்பட்டன.

இம்மாற்றத்தைக் கட்டடக் கலை நோக்கில் ஒரு தலைகீழாக்கம் எனலாம். மூடுவதற்கென்றே எழுந்த சுவரில் திறப்புகள் வெட்டப்பட்டன. வெயிலை நேரடியாக ஏற்ற புறச்சுவருக்கு முன்னே நிழல்தரும் நடை வைக்கப்பட்டது. மனையையும் தெருவையும் இணைக்கும் திண்ணை, தாழ்வாரம் ஆகியவற்றின் தொழிலை விக்டோரியா காலத்து வராந்தா ஏற்றது. ஆயினும் தலைகீழாக்கம் முழுமை பெறவில்லை. உள்ளே போதிய காற்றோட்டம் இல்லாமையால் அது வசிப்பதற்கு அத்தனை ஏற்றதாக அமையவில்லை என்றே அதன் வரலாறு கூறுகிறது. சாளரம் வெட்டினால் மட்டும் காற்று வராது. எதிர்ச்சுவரில் அது வெளியேற வழி வேண்டும். இரண்டுக்கும் இடையே தடையற்ற வெளி வேண்டும். கிடங்கின் வயிற்றுக்குள் அத்தகைய வெளியைப் பின்னாளில் உண்டாக்குவது எளிதன்று. கட்டடம் தன் முதற்பிறவியை மறக்கவில்லை என்பதற்கு இதுவே சான்று.

பெயரிடலும் கருதத்தக்கது. ‘கேசில்’ என்றால் கோட்டை. அடையாற்றங்கரையில் அதற்கு முன்பே ‘பிராடி கேசில்’ என்ற மாளிகை இருந்தது. கிடங்கைக் கோட்டை எனப் பெயர் மாற்றியதில் அக்காலச் சென்னையின் உயர்குடி வழக்கறிஞர் உலகத்தின் நட்பும் மதிப்பும் பேசுகின்றன. ஆங்கில நீதிபதியின் பெயரைத் தாங்கிய, ஆங்கிலக் கோட்டையின் பெயரைச் சூடிய இவ்வீட்டின் உடைமையாளர் வைணவ அந்தணர். விக்டோரியா பாணி என்பது ஆட்சியாளர் திணித்தது மட்டுமன்று. இந்நாட்டு மேல்தட்டினர் விரும்பி ஏற்றுத் தம் பொருளில் நடத்திய பாணியும் ஆகும் என்பதை இது காட்டுகிறது. மக்களோ அப்பெயரை ஏற்கவில்லை. கோட்டையின் பெயர் நூல்களில் மட்டும் நிற்க, தெருவும் வட்டாரமும் காவல் நிலையமும் ‘ஐஸ் ஹவுஸ்’ என்றே வழங்குகின்றன. கட்டடத்தின் முதற்தொழிலைப் பேச்சு வழக்கே பாதுகாத்து வந்துள்ளது.

3. ஒன்பது நாளும் பல ஆண்டுகளும்

சிகாகோவிலும் ஐரோப்பாவிலும் சொற்பொழிவாற்றித் திரும்பிய விவேகானந்தர் 1897 பிப்ரவரி 6 அன்று சென்னை வந்து, 15ஆம் நாள் வரை இம்மாளிகையில் தங்கினார். அன்பர்களின் வேண்டுகோளை ஏற்று அவர் அனுப்பிய இராமகிருஷ்ணானந்தர் அவ்வாண்டே சென்னை வந்து இங்கு மடத்தை நடத்தினார். உடைமையாளர் மறைவுக்குப் பின் 1906இல் மாளிகை ஏலம் போனது. மடம் மயிலாப்பூருக்குப் பெயர்ந்தது. 1917இல் அரசு இக்கட்டடத்தை வாங்கியது.

அடுத்த அத்தியாயம் சகோதரி சுப்புலட்சுமியினுடையது. 1886இல் பிறந்து, சிறுவயதிலேயே கைம்பெண்ணாகி, 1911இல் சென்னை மாகாணத்தின் முதல் இந்துக் கைம்பெண் பட்டதாரி என அறியப்பட்டவர் அவர். 1912இல் சாரதா மகளிர் சங்கத்தைத் தொடங்கிய அவர், இளம் பிராமணக் கைம்பெண்களைக் கல்வி கற்பித்து ஆசிரியர்களாக்கும் இல்லத்தை எழும்பூரில் நடத்தி, பின்னர் அதை இக்கட்டடத்துக்குக் கொண்டுவந்தார். அவ்வில்லத்துக்குப் பின் இது ஆசிரியப் பயிற்சி மாணவியர் விடுதியாகவும் பயன்பட்டது.

வீட்டின் இருண்ட பின்கட்டில் ஒதுக்கப்பட்ட பெண்கள், காற்றோட்டம் போதாத இக்கட்டடத்தில்தான் வெளியுலகத்துக்கான வழியைப் பெற்றனர். அன்றைய சமூகத்தின் பார்வையிலிருந்து காக்கும் மதிலாகவும் கல்விக்குத் திறக்கும் வாயிலாகவும் ஒரே சுவர் தொழிற்பட்டது. அதே வேளையில் அவ்வில்லம் ஒரு சாதிக்கு உரியதாக இருந்தது என்பதையும் மறைக்கலாகாது. சீர்திருத்தத்தின் துணிவும் அதன் எல்லையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன. ஆய்வாளருக்கு இவ்விரண்டும் வேண்டும்.

1963இல், விவேகானந்தர் நூற்றாண்டை ஒட்டி, அரசு இதற்கு ‘விவேகானந்தர் இல்லம்’ எனப் பெயரிட்டது. 1997இல் இராமகிருஷ்ண மடத்துக்குக் குத்தகைக்கு விடப்பட்டது. 1999 டிசம்பரில் விவேகானந்தர் வாழ்வையும் இந்தியப் பண்பாட்டையும் மையமாகக் கொண்ட காட்சியகம் திறக்கப்பட்டது.

ஒன்பது நாள் தங்கல் கட்டடத்தின் பெயராயிற்று. ஒரு தலைமுறைக்கு மேற்பட்ட வணிகமும் பல்லாண்டுப் பெண்கல்வியும் அப்பெயருக்குள் இடம்பெறவில்லை. இதைக் குறையாக மட்டும் கூறுவது நேர்மையாகாது. கல்கத்தாவின் பனிக்கட்டிக் கிடங்கும் பம்பாயின் கிடங்கும் இன்று இல்லை. டியூடரின் வணிகத்துக்கு இந்தியாவில் எஞ்சிய ஒரே கிடங்கு இதுவே. அது நிற்பதற்குப் பனிக்கட்டி காரணமன்று. துறவி ஒருவரின் நினைவே காரணம். நினைவின் பற்று இல்லையேல் கட்டடமே இல்லை. இதே கடற்கரைச் சாலையில் 1914இல் தொடங்கிய ராணி மேரிக் கல்லூரியின் முதற்கட்டடமான கேப்பர் இல்லமும் ஒரு பழைய மாளிகையே. பல தலைமுறை மாணவியர் பயின்ற அது இன்று இல்லை. பெண்கல்வியின் நினைவுக்குத் துறவியின் நினைவுக்கு நிகரான காக்கும் வலிமை வாய்க்கவில்லை என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படும் கசப்பான முடிவு. ஆகவே வினா, அந்நினைவு இருக்கலாமா என்பதன்று. ஒரு நினைவு மற்றவற்றுக்கு இடம் தருகிறதா என்பதே.

4. பாதுகாப்பு எதைப் பாதுகாக்கிறது

இந்தியச் சட்டங்கள் நினைவுச்சின்னத்தை முதன்மையாக வயதால் வரையறுக்கின்றன. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம் நூறாண்டு நிறைவை அளவாகக் கொள்கிறது. 2010இல் திருத்தப்பட்டபின், காக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டர் தடைசெய்யப்பட்ட பரப்பாகவும், அதற்கப்பால் 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பரப்பாகவும் வகுக்கப்பட்டுள்ளது. மாநில அளவில் 1966ஆம் ஆண்டுச் சட்டம் உள்ளது. இவை கோட்டை, கோயில், கல்வெட்டு போன்ற வழக்கிழந்த அல்லது மாற்றமற்ற சின்னங்களை மனத்தில் கொண்டவை. தொடர்ந்து மக்கள் புழங்கும் 19ஆம் நூற்றாண்டுக் கட்டடங்கள் இவற்றின் விளிம்பிலேயே நிற்கின்றன. மவுண்ட் ரோட்டின் பாரத் காப்பீட்டுக் கட்டடம் இடிக்கப்படவிருந்த வழக்கில் 2010 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பு, நகரின் பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டுக் காக்கும் முயற்சிக்கு உரம் சேர்த்தது. 2012இல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் இயற்றப்பட்டது. அது நடைமுறைக்கு வரவோ பல ஆண்டுகள் ஆயின.

பட்டியலில் இடம்பெறுவது பாதுகாப்பின் தொடக்கமே. எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது என்ற முடிவுக்குக் கட்டடத்தின் அடுக்குகளை அறிந்திருக்க வேண்டும். ஐஸ் ஹவுஸில் 1842ஆம் ஆண்டின் சுவரைப் போற்றுவதாயின், பின்னர் வெட்டிய சாளரங்கள் சிதைவுகளாகும். 1897ஐப் போற்றுவதாயின் அவையே அடையாளமாகும். விடுதிக் காலத் தடுப்புகளும் மாற்றங்களும் இரு நோக்கிலும் இடையூறாகக் கருதப்பட்டு அகற்றத்தக்கனவாகிவிடும். ஆனால் பெண்கல்வி வரலாற்றுக்கு அவையே பருப்பொருட் சான்றுகள். ஒரு காலத்தைத் தேர்ந்து அக்காலத் தோற்றத்துக்குக் கட்டடத்தைத் திருப்பும் முறை, தேர்ந்தெடுக்கப்படாத காலத்தை அழிக்கும் முறையாகவும் அமைகிறது.

பொருள் சார்ந்த இடரும் உண்டு. அக்காலச் சென்னைக் கட்டடங்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. கிளிஞ்சல் சுண்ணாம்பை அரைத்துத் தேய்த்து மெருகேற்றும் பூச்சுக்குச் சென்னை பெயர் பெற்றிருந்தது. சுண்ணாம்புப் பூச்சு சுவரின் ஈரத்தை மெல்ல வெளியேற்றும். அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே சிறைப்படும். கடற்காற்றின் உப்பும் சேர்ந்து செங்கல்லை அரிக்கும். புறத்தோற்றம் பொலிவு பெற, உட்சுவர் நலியும். பழைய கட்டடங்களைப் புதுப்பிப்பதாகக் கூறி நடக்கும் பணிகள் பலவற்றில் நேரும் பிழை இது. கொத்தனாரின் சுண்ணாம்பு அறிவு அழிந்தபின் சட்டத்தால் மட்டும் சுவரைக் காக்க இயலாது.

5. திண்டுக்கல்லுக்கும் வடமதுரைக்கும் பொருத்திக் காணல்

மாநகரத்தின் பட்டியல்கள் உள்நாட்டு ஊர்களை எட்டுவதில்லை. திண்டுக்கல்லில் மலைக்கோட்டை இந்தியத் தொல்லியல் துறையின் காப்பில் உள்ளது. வடமதுரையில் சௌந்தரராசப் பெருமாள் கோயில் வழிபாட்டால் காக்கப்படுகிறது. கோட்டைக்கும் கோயிலுக்கும் இடைப்பட்டவை எங்கே என்பதே வினா. 1875இல் திருச்சிராப்பள்ளியையும் மதுரையையும் இணைத்த இருப்புப்பாதை வடமதுரை வழியாகவும் திண்டுக்கல் வழியாகவும் செல்கிறது. 1897 பிப்ரவரியில் விவேகானந்தர் மதுரையிலிருந்து கும்பகோணம் சென்ற தொடர்வண்டி இவ்வழியே கடந்தது. கேசில் கெர்னனுக்கு முந்தைய சில நாள்களின் பயணம் இது. அம்மாளிகைக்குக் கிடைத்த கவனத்தில் சிறிதும் இப்பாதையின் பழைய நிலையங்களுக்கும் தொழிலாளர் குடியிருப்புகளுக்கும் கிடைப்பதில்லை.

திண்டுக்கல் புகையிலைக்கும் சுருட்டுக்கும் தோல் பதனிடலுக்கும் பெயர் பெற்ற ஊர். புகையிலை பதமாவதற்கும் ஈரமும் வெப்பமும் கட்டுப்படுத்தப்பட்ட இடம் வேண்டும். ஐஸ் ஹவுஸ் போலவே சரக்கின் இயல்பை அறிந்து எழுந்த கிடங்குகள் அத்தொழிலுக்கும் உரியவை. பெருமக்கள் எவரும் தங்காத காரணத்தால் அத்தகைய கட்டடங்களுக்குப் பெயரில்லை. பெயரில்லாமையால் காப்பும் இல்லை.

மாவட்டத்தின் மேற்கே கொடைக்கானல் மற்றொரு பாடத்தைத் தருகிறது. 1845இல் அமெரிக்க மதுரை மிஷன் பாதிரிமார் ‘சன்னிசைடு’, ‘ஷெல்டன்’ என்ற முதலிரு பங்களாக்களை அங்கு எழுப்பினர். 1863இல் வெரி லெவிஞ்ச் ஏரியை அமைத்த பின் குடியிருப்பு பெருகியது. பாஸ்டன் பனிக்கட்டியைச் சமவெளிக்குக் கொண்டுவந்த அதே பத்தாண்டில், நியூ இங்கிலாந்து மரபினரான மிஷனரிகள் குளிரைத் தேடி மலையேறினர் என்பது கருதத்தக்கது. வெப்பத்தை வெல்ல ஒரு முயற்சி குளிரை நகர்த்தியது; மற்றொன்று மனிதரை நகர்த்தியது. கணப்பும் சரிந்த கூரையும் கொண்ட மலை வீட்டையும், உயர்ந்த கூரையும் சுற்று வராந்தாவும் கொண்ட சமவெளிப் பங்களாவையும் ‘விக்டோரியா பாணி’ என்ற ஒரே சொல்லால் வழங்குவது, தட்பவெப்பத்துக்கு அவை தந்த வேறுபட்ட விடைகளை மறைத்துவிடும். மாவட்டக் கட்டட ஆய்வு பாணிப் பெயரிலிருந்தன்றிக் காற்று, வெயில், மழை ஆகியவற்றிலிருந்து தொடங்க வேண்டும்.

முடிவுரை

ஐஸ் ஹவுஸ் கட்டடத்தை அதன் உடலின் வழியே படிக்கும்போது மூன்று உண்மைகள் பெறப்படுகின்றன. முதலாவது, அது பாணியால் பிறந்த கட்டடமன்று. உருகும் சரக்கின் தேவையால் பிறந்தது. இரண்டாவது, அதை விக்டோரியா காலத்து மாளிகையாக்கியது இந்நாட்டுக் குடிமகனின் விருப்பம். ஆகவே ‘அந்நியக் கட்டடம்’ என விலக்குவதும் ‘ஆங்கிலேயர் கொடை’ எனப் போற்றுவதும் ஒருங்கே பிழை. மூன்றாவது, அது நிலைத்தது ஒரு நினைவால். ஆனால் அது தாங்கி நிற்பது பல வாழ்வுகளை.

கட்டடத்தின் பெயரை மாற்றுவதோ இப்போதைய பயனை அகற்றுவதோ தீர்வன்று. எந்தச் சுவர் எந்த ஆண்டினது, எந்தச் சாளரம் பின்னர் வெட்டப்பட்டது, எந்த அறையில் யார் பயின்றனர் என்பவற்றைக் காட்டும் கால வரைபடமொன்று பொதுமக்கள் காணும் இடத்தில் வைக்கப்படுவதே முதற்பணி. திண்டுக்கல், வடமதுரை போன்ற ஊர்களுக்கு இப்பணி இன்னும் அவசரமானது. அங்கே கட்டடங்களைக் காக்கும் பெரும்பெயர் எதுவும் இல்லை. ஆவணம் ஒன்றே காப்பாகும். அளவுநாடாவும் ஒளிப்படக் கருவியும், கொத்தனாரின் சொற்களைக் குறித்துக்கொள்ளும் பொறுமையும் உடைய கல்லூரி மாணவர் குழுக்கள் இதைத் தொடங்கலாம். ஒரு சுவர் இடிக்கப்படும் முன் அது எதற்காக எழுந்தது என்ற வினாவுக்கேனும் ஊரிடம் விடை இருக்கும்.